ஒரு பாட்டில் பீரில் எத்தனை பெக்?

சித்திரை பிறந்துவிட்டால் டாஸ்மாக் கடைகளில் முதலில் காலியாவது குளிர்பதனப் பெட்டிதான். ‘கூலிங் இருக்கா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், வரிசையில் நின்றவர் அடுத்த கடையைத் தேடி வண்டியைக் கிளப்புகிறார். பிராந்தி, ரம், விஸ்கி எல்லாவற்றையும் ‘ஹாட்’ என்று ஒதுக்கிவைப்பவர்கள்கூட வெயில் காலத்தில் பீருக்கு விலக்கு அளிக்கிறார்கள். உடல் சூட்டைத் தணிக்கும், சிறுநீரகக் கல்லைக் கரைக்கும், ஒல்லி உடம்பைத் தேற்றும், பார்லியில் செய்தது என்பதால் சத்தும் உண்டு என்று தமிழ்நாட்டில் பீருக்கு இருக்கும் நற்பெயர்கள் ஏராளம். அலமாரியில் விஸ்கி பாட்டிலைக் கண்டால் வீட்டை இரண்டாக்கும் குடும்பங்கள்கூட, மகன் கையில் பீர் டின்னைப் பார்த்தால் ‘காலம் அப்படி’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

இந்தச் சலுகை மருத்துவரின் அறைவரை தொடர்கிறது. ‘குடிப்பழக்கம் உண்டா?’ என்று கேட்டால், ‘அதெல்லாம் இல்லை டாக்டர், எப்பவாவது பீர் மட்டும்தான்’ என்ற பதில் வருகிறது. நோயாளியின் குறிப்பில் ‘பழக்கம் இல்லை’ என்று பதிவாகிறது. பதில் சொன்னவருக்கு ஏமாற்றும் நோக்கம் பெரும்பாலும் கிடையாது. பீரையும் மதுவின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லித்தரவும் இல்லை. அரசே கடை வைத்து மது விற்கும் மாநிலத்தில் இது சிறிய குறை அல்ல.

கணக்கு இதுதான்

உடலுக்குப் பாட்டிலின் பெயரோ நிறமோ தெரியாது. எத்தனை கிராம் ஆல்கஹால் உள்ளே வந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இந்தியக் கடைகளில் கிடைக்கும் பெரிய பீர் பாட்டிலின் கொள்ளளவு 650 மில்லி. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 விழுக்காடு வரை ஆல்கஹால் உள்ளது சாதாரண பீர். அதற்கு மேல் 8 விழுக்காடு வரை உள்ளது ஸ்ட்ராங் பீர். உலகின் பல நாடுகளில் 4, 5 விழுக்காட்டு பீர்தான் வழக்கம். இந்தியச் சந்தையிலோ பெரும்பங்கு ஸ்ட்ராங் பீருக்குத்தான். கொடுக்கும் காசுக்குப் போதை கிடைக்க வேண்டும் என்பதே இங்கே வாங்குபவரின் கணக்கு.

8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒரு பாட்டிலில் 52 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. ஆல்கஹால் தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால் இதன் எடை ஏறத்தாழ 41 கிராம். இனி ‘ஹாட்’ பக்கம் வருவோம். இந்தியாவில் தயாராகும் பிராந்தியிலும் விஸ்கியிலும் வழக்கமாக 42.8 விழுக்காடு ஆல்கஹால் இருக்கும். 60 மில்லி கொண்ட ஒரு லார்ஜ் பெக்கில் 20 கிராம். ஆக, ஒரு ஸ்ட்ராங் பீர் இரண்டு லார்ஜ் பெக்குக்குச் சமம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லியில் இருப்பது 61 கிராம். ஒன்றரை பாட்டில் ஸ்ட்ராங் பீரிலும் அதே 61 கிராம்தான். சனிக்கிழமை இரவு நண்பர்களோடு மூன்று பாட்டில் ஸ்ட்ராங் பீர் குடித்துவிட்டு ‘ஹாட் பக்கமே போறதில்லை’ என்று பெருமைப்படுபவர், ஒரே அமர்வில் இரண்டு குவார்ட்டர் முடித்திருக்கிறார். சாதாரண பீர் என்றாலும் ஒரு பெரிய பாட்டிலில் 25 கிராமுக்குமேல் வருகிறது. அது ஒன்றேகால் பெக்.

உலக சுகாதார நிறுவனம் ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ ஆல்கஹால் குடிப்பதை அளவு மீறிய குடி என்று வகைப்படுத்துகிறது. அந்தக் கோட்டைத் தொட ஒன்றரை பாட்டில் போதும். இரண்டாவது பாட்டிலின் பாதியில் இருப்பவரிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார். அவருக்கு அது ‘லைட்’டாகத் தொடங்கிய மாலை.

வண்டி ஓட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் அவசரமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்குமேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 65 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் ஒரு ஸ்ட்ராங் பீரை ஒரு மணி நேரத்தில் குடித்தால், அவரது ரத்தத்தில் ஆல்கஹால் ஏறத்தாழ 75 முதல் 80 மில்லிகிராம் வரை ஏறிவிடும். சட்டம் அனுமதிப்பதைப் போல் இரண்டரை மடங்கு. அது 30க்குக் கீழே இறங்க இன்னும் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். எலுமிச்சைச் சாறோ, கறுப்புக் காபியோ, முகத்தில் அடிக்கும் தண்ணீரோ அதை அவசரப்படுத்தாது. ஒரே ஒரு சாதாரண பீர் குடித்துவிட்டு உடனே வண்டியை எடுப்பவரும் பெரும்பாலும் சட்டத்தின் கோட்டைத் தாண்டியே இருப்பார்.

கல்லைக் கரைக்குமா?

பீரைப் பற்றித் தமிழ்நாட்டில் உலவும் நம்பிக்கைகளில் மிக உறுதியானது சிறுநீரகக் கல் பற்றியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு துடிப்பவருக்கு, வலி நிவாரணி வாங்கிவரும் முன்பே ‘ரெண்டு பீர் அடி, கல்லு வெளியே வந்துடும்’ என்று யோசனை வந்துவிடுகிறது. வாழைத்தண்டுச் சாறுக்கும் பீருக்கும் ஒரே மூச்சில் சிபாரிசு செய்பவர்கள் உண்டு.

இந்த நம்பிக்கை எப்படி வலுப்பெற்றது என்பதை ஊகிப்பது கடினம் அல்ல. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான கற்களில் பெரும்பாலானவை எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தாமாகவே சிறுநீரோடு வெளியேறிவிடும். கல் இறங்கிய வாரத்தில் பீர் குடித்திருந்தால் பெருமை பீருக்குப் போய்ச் சேர்கிறது. சிறுநீரகக் கற்களில் மிகப் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. அவற்றைக் கரைக்கும் ஆற்றல் பீரில் உள்ள எந்தப் பொருளுக்கும் இல்லை. மருந்தால் கரையக்கூடியவை யூரிக் அமிலக் கற்கள். அதற்குச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் சிட்ரேட் மருந்துகளை மருத்துவர்கள் தருகிறார்கள். பீரோ யூரிக் அமிலத்தைக் கூட்டும் பானம். கல் குழாயில் சிக்கி அடைத்துக்கொண்டிருக்கும்போது சிறுநீரை வேகமாகப் பெருக்கினால் மேலே அழுத்தம் கூடி வலிதான் அதிகமாகும்.

எதிர்த்தரப்பின் சான்றையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 1.94 லட்சம் பேரை எட்டு ஆண்டுகளுக்குமேல் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், பீர் குடிப்பவர்களுக்குப் புதிதாகக் கல் உண்டாகும் வாய்ப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. பீர் ஆதரவாளர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். அதே ஆய்வில் காபி குடிப்பவர்களுக்கும் வாய்ப்பு 26 விழுக்காடு குறைந்திருந்தது; தேநீருக்கும் ஆரஞ்சுச் சாறுக்கும்கூடப் பலன் தெரிந்தது. உள்ளே போகும் நீரும் வெளியேறும் சிறுநீரும் கூடினால் கல் சேர்வது குறையும் என்பதே இதன் பொதுச் செய்தி. ஏற்கெனவே உருவான கல்லை பீர் கரைத்தது என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. நாளுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லும் மருத்துவர், காசு செலவில்லாத மருந்தைத்தான் எழுதித்தருகிறார்.

குளிர்ச்சி, சத்து, சதை

‘சூட்டைத் தணிக்கும்’ என்பதன் நிலை என்ன? நான்கைந்து டிகிரியில் இருந்து எடுத்த பாட்டில் தொண்டைக்கு இதமாக இருப்பது உண்மை. அதே குளிரில் எடுத்த மோரும் அப்படித்தான் இருக்கும். ஆல்கஹால் உள்ளே போனதும், சிறுநீரகத்தில் நீரைத் தக்கவைக்க உதவும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் அடங்கிவிடுகிறது. ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு ஏறத்தாழ 10 மில்லி சிறுநீர் கூடுதலாக வெளியேறும் என்பது உடலியல் பாடநூல்களில் நீண்டகாலமாக இருந்துவரும் கணக்கு. 41 கிராமுக்கு 400 மில்லிக்கு மேல். 650 மில்லியைக் குடித்துவிட்டுக் கூடுதலாக 400 மில்லியை இழக்கிறார் ஒருவர். மே மாத வெயிலில் நாள் முழுக்க வேர்வை சிந்தி வேலை செய்த கட்டடத் தொழிலாளி, தாகத்துக்கு பீரை நாடினால் ஈடாக வேண்டிய நீர் ஈடாவதில்லை. போதாக்குறைக்குத் தாக உணர்வும் உடல்நிலை பற்றிய கவனமும் மழுங்கிவிடுகின்றன. வெப்பவாதம் தாக்கும் பருவத்தில் இது விளையாட்டல்ல.

‘உடம்பு தேறும்’ என்பது பாதி உண்மை. அந்தப் பாதி தொப்பையில் தெரிகிறது. ஒரு கிராம் ஆல்கஹால் 7 கலோரி ஆற்றல் தரும். மாவுச்சத்தையும் சேர்த்தால் ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீரில் 350 கலோரிக்குமேல் வருகிறது. ஏறத்தாழ ஆறு இட்லி. ஆறு இட்லி சாப்பிட்டவர் எழுந்து கை கழுவிவிடுவார். பீர் குடித்தவரோ வறுத்த வேர்க்கடலை, சிக்கன் சிக்ஸ்டிஃபைவ், ஆம்லெட் என்று சைடிஷ்களை வரவழைப்பார். கல்லீரல் ஆல்கஹாலை நஞ்சாகக் கருதி முதலில் எரிக்கிறது. அதுவரை கொழுப்பு காத்திருக்கிறது; பிறகு கல்லீரலிலும் வயிற்றிலும் தங்குகிறது. ஒரே எடையுள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் இந்தியர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்பது மருத்துவ உலகம் அறிந்தது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஏழில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் தெரிவித்தது. இந்த உடல்வாகுக்கு பீர் சேர்ப்பது தசையை அல்ல.

பார்லியும் ஈஸ்ட்டும் தரும் பி வைட்டமின்கள் பீரில் சிறிதளவு உண்டு. அவை முளைகட்டிய பயறிலும் கிடைக்கின்றன. இதே ஈஸ்ட்டும் மால்ட்டும்தான் பியூரின் என்ற வேதிப்பொருளையும் கொண்டுவருகின்றன. பியூரின் உடைந்தால் யூரிக் அமிலம். அது மூட்டில் படிகமாகப் படிந்தால் கவுட் எனும் கீல்வாதம். நள்ளிரவில் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகும் வலி. 2004இல் லான்செட் இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு, 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்தது. நாளுக்கு ஒரு சிறிய பீர் குடித்தால் கவுட் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடியது. ‘ஹாட்’ வகைகளுக்கு அது 15 விழுக்காடுதான். மிதமாக ஒயின் குடித்தவர்களிடம் கூடவே இல்லை. பீர் மற்ற மதுவைவிட மென்மையானது என்று நம்புபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இந்த ஒரு நோயில் முதலிடம் பீருக்கே.

பால் கொடுக்கும் தாய்க்கு பீர் நல்லது என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்தது. 1929இல் கின்னஸ் நிறுவனம் தன் பானம் உடலுக்கு நல்லது என்று பிரிட்டன் பத்திரிகைகளில் விளம்பரமே செய்தது. அமெரிக்க ஆய்வாளர் ஜூலி மென்னெல்லா 1990களின் தொடக்கத்தில் தாய்ப்பால் பற்றிய அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார். தாய் மது அருந்திய பிறகு குழந்தைகள் குடித்த பாலின் அளவு குறைந்திருந்தது.

கலப்படம் பற்றிய பயம்

பீர் குடிப்பவர்களுக்கு பயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தயாரிப்புத் தேதியைப் பார்க்கிறார்கள். கிளிசரின் கலந்திருக்கிறது என்று சொல்லி, பாட்டிலின் வாயைத் தண்ணீர் நிறைந்த டம்ளரில் கவிழ்த்து ‘எண்ணெய்’ இறக்கும் சடங்கைக்கூடச் செய்கிறார்கள். இறங்குவது தண்ணீரைவிட அடர்த்தியான பீர்தான்.

இப்படிப்பட்ட பயத்துக்கு வரலாற்றில் இடம் இல்லாமல் இல்லை. 1900இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் 6,000க்கும் மேற்பட்ட பீர் பிரியர்கள் கைகால் மரத்து, தோல் கறுத்து மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். குறைந்தது 70 பேர் இறந்தார்கள். பீர் தயாரிப்பில் பயன்படுத்திய சர்க்கரையில் ஆர்செனிக் கலந்திருந்தது. ‘குடிகாரர்களுக்கு வரும் நரம்பு நோய்’ என்று மருத்துவர்கள் முதலில் கடந்துபோனதால், எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் என்ற மருத்துவர் நஞ்சைக் கண்டுபிடிக்கும்வரை மாதக்கணக்கில் அது ஓடியது. 1965-66இல் கனடாவின் கியூபெக் நகரில் பீர் பிரியர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இதயத் தசை பலவீனமடைந்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள்; ஏறத்தாழ இருபது பேர் பிழைக்கவில்லை. நுரை நிலைத்து நிற்பதற்காகச் சேர்த்த கோபால்ட் உப்பே காரணம் என்று தெரிந்தது. டௌ என்ற மதுபான ஆலை தன் கையிருப்பை ஆற்றில் கொட்டியது.

ஆர்செனிக்கைத் தடுக்கச் சட்டம் வந்தது. கோபால்ட் நிறுத்தப்பட்டது. தேதி காலாவதியான பீரைத் திருப்பித் தரலாம். லேபிளில் வெளிப்படையாக அச்சிட்டிருக்கும் அந்த 8 விழுக்காட்டை மட்டும் எந்தச் சட்டமும் பாட்டிலிலிருந்து எடுத்துவிட முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, சீல் வைத்த பாட்டில் பாதுகாப்பானது என்ற எண்ணம் பலருக்கு இன்னும் உறுதியாகியிருக்கும். மெத்தனால் ஓரிரு நாட்களில் கொல்கிறது. எத்தனாலுக்கு ஆண்டுகள் தேவைப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2019இல் மட்டும் உலகெங்கும் 26 லட்சம் பேரின் இறப்புக்கு மது காரணம். அவர்களில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் புற்றுநோயாலும், 4.7 லட்சம் பேர் இதய, ரத்தநாள நோய்களாலும் இறந்தவர்கள்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மதுபானங்களைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில், மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என 1988இலேயே சேர்த்தது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் என்று பட்டியல் நீள்கிறது. உடல் ஆல்கஹாலை உடைக்கும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு, உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சேதப்படுத்துகிறது. விலை உயர்ந்த ஸ்காட்ச்சிலிருந்தும் மலிவான பீரிலிருந்தும் உண்டாவது அதே அசிட்டால்டிஹைடுதான். நாளுக்கு 10 கிராம் ஆல்கஹால் கூடினாலே மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு உயர்கிறது. பீரோடு சிகரெட்டும் சேர்ந்தால், வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நேரும் ஆபத்து கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. தமிழ்நாட்டு பார்களில் ஒன்று இருக்கும் மேசையில் மற்றது இல்லாமல் போவது அரிது.

அளவோடு குடித்தால்?

‘அளவோடு குடித்தால் இதயத்துக்கு நல்லது’ என்று படித்தவர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. பழைய ஆய்வுகள் பல அப்படிச் சொன்னதும் உண்மை. குடிக்காதவர்களைவிடக் கொஞ்சமாகக் குடிப்பவர்கள் நெடுநாள் வாழ்வதாக அவற்றின் வரைபடங்கள் காட்டின. சிக்கல், ‘குடிக்காதவர்கள்’ என்ற கூட்டத்தில் யாரெல்லாம் இருந்தார்கள் என்பதில். உடல் கெட்டுப்போய்க் குடியை நிறுத்தியவர்களும் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். நோயாளிகளோடு ஒப்பிட்டால் யாரும் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். 107 ஆய்வுகளில் பங்கேற்ற 48 லட்சம் பேரின் தரவுகளை இந்தக் குறைகளை நீக்கி மறுபடி அலசிய கட்டுரை 2023இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. மிதமாகக் குடிப்பவர்களுக்கு ஆயுள் கூடுகிறது என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என அறிவித்தது.

பீரும் இதயமும் என்றால் ஜெர்மனியின் மியூனிக் நகரைக் கேட்கலாம். பீருக்குப் பேர்போன அந்த ஊரில், பீர் பிரியர்களின் இதயம் வீங்கிப் பெரிதாகியிருப்பதை நோயியல் அறிஞர் ஓட்டோ போலிங்கர் 1884இலேயே எழுதிவைத்தார். 2015ஆம் ஆண்டு அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழாவுக்கு அவ்வூர் மருத்துவர்கள் கையடக்க இசிஜி கருவியோடு போனார்கள். குடித்துக்கொண்டிருந்த 3,028 பேரைச் சோதித்ததில், 30 விழுக்காட்டினரின் இதயத் துடிப்பு இயல்பாக இல்லை. பெரும்பாலும் படபடப்பு, மிகு வேகம். அவர்களது ரத்தத்தில் இருந்த ஆல்கஹாலின் சராசரி 100 மில்லிக்கு ஏறத்தாழ 85 மில்லிகிராம். நம் ஊரில் ஒரு ஸ்ட்ராங் பீரை வேகமாகக் குடித்து முடித்தவரின் அளவும் அதை ஒட்டியதே.

கல்லீரலுக்கும் அளவு சொன்ன ஆய்வு இருக்கிறது. வட இத்தாலியின் இரண்டு சிற்றூர்களில் ஏறத்தாழ 7,000 பேரிடம் நடந்த டயோனிசோஸ் ஆய்வு, நாளுக்கு 30 கிராமுக்குமேல் ஆல்கஹால் போனால் கல்லீரல் பாதிக்கப்படும் வாய்ப்பு ஏறத் தொடங்குவதை 1997இல் காட்டியது. சாப்பாட்டு வேளைக்கு வெளியே, வெறும் வயிற்றில் குடித்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தினம் ஒரு ஸ்ட்ராங் பீர் அந்த எல்லையை 11 கிராம் தாண்டுகிறது. கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து வரும் நோயாளியிடம் ‘நான் ஹாட்டைத் தொட்டதே இல்லை’ என்ற வாக்குமூலம் எந்தப் பயனும் தராது.

பீர் பாதுகாத்த கதையும் ஒன்று உண்டு. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா கொத்துக் கொத்தாகக் கொன்றபோது, அங்கிருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்கள் தப்பித்தார்கள். ஆலை தந்த பீரைக் குடித்ததால் தெருக் குழாயின் அசுத்தத் தண்ணீர் பக்கம் அவர்கள் போகவே இல்லை என்பதை மருத்துவர் ஜான் ஸ்னோ பதிவு செய்தார். தண்ணீரே நஞ்சாக இருந்த ஊரில் பீர் மேலானதாக இருந்தது. அவ்வளவுதான் அந்தக் கதையின் எல்லை.

விற்பவரின் கடமை

தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்த ஆண்களில் நால்வரில் ஒருவர் மது அருந்துகிறார் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் வசம். 2023-24இல் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இதே அரசுதான் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிறது. தொடர்ந்து குடித்தால் ரத்தக்கொதிப்பு ஏறும். நீரிழிவு மாத்திரைகள் சிலவற்றோடு மது சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரும். ஒரு துறை விற்பதன் விளைவை இன்னொரு துறை சுமக்கும்போது, வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்வதாவது குறைந்தபட்ச நேர்மை.

பாட்டிலில் எச்சரிக்கை வாசகம் இருக்கிறதே என்று கேட்கலாம். மது கேடு என்பதை அறியாதவர் தமிழ்நாட்டில் எவரும் இல்லை. தெரியாமல் இருப்பது அளவுதான். ‘8 விழுக்காடு’ என்ற சிறிய எழுத்தைப் பார்த்து அதை 41 கிராம் என்று மாற்றிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? ஆஸ்திரேலியாவில் 1995 முதலே ஒவ்வொரு பாட்டிலிலும் டின்னிலும் அது எத்தனை ‘டிரிங்க்’குக்குச் சமம் என்று எண்ணால் அச்சிட வேண்டும். அயர்லாந்து இன்னும் ஒருபடி மேலே போய், ஆல்கஹால் எத்தனை கிராம், எத்தனை கலோரி, மதுவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு ஆகிய எல்லாவற்றையும் லேபிளில் போட 2023இல் விதி கொண்டுவந்தது. மது நிறுவனங்களின் எதிர்ப்பு வலுத்த பிறகு நடைமுறைக்கு வரும் நாளை 2028க்குத் தள்ளிவைத்திருக்கிறது. லேபிளில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றால், அந்த எதிர்ப்புக்கே தேவை இருந்திருக்காது.

லேபிள் விதிகளை மாற்றுவது டெல்லியின் கையில் இருக்கலாம். கடைச் சுவர் தமிழ்நாட்டின் கையில்தான் இருக்கிறது. எல்லா டாஸ்மாக் கடைகளிலும் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் நான்கு வரி எழுதினால் போதும்: ஒரு ஸ்ட்ராங் பீர் இரண்டு லார்ஜ் பெக்; ஒன்றரை பீர் ஒரு குவார்ட்டர்; ஒரு பீருக்குப் பிறகும் வண்டி ஓட்டுவது குற்றம்; பீர் கல்லைக் கரைக்காது. வயது 21 ஆகாதவருக்கு விற்பதில்லை என்ற விதியைக் கவுன்ட்டரில் உண்மையாகக் கடைப்பிடிப்பது ஐந்தாவது வேலை. முதல் குடி பெரும்பாலும் பீரில் தொடங்குவதற்கு, அது குடியே இல்லை என்ற எண்ணம் முக்கியக் காரணம்.

குடிப்பவர் செய்யக்கூடியதும் உண்டு. மருத்துவர் கேட்டால் ‘பீர் மட்டும்’ என்று நிறுத்தாமல், என்ன பீர், வாரத்துக்கு எத்தனை பாட்டில் என்று சொல்லுங்கள். பாராசிட்டமால், மெட்ரோனிடசோல், சர்க்கரை மாத்திரை எது எழுதித்தரப்படுகிறது என்பது அந்தப் பதிலைப் பொறுத்து மாறும். தினமும் குடித்துப் பழகியவர், காலையில் கை நடுங்கினால், ஒரே நாளில் தாமாக நிறுத்திவிட முயல வேண்டாம். வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. பீர் மட்டும் குடிப்பவர்களும் தாராளமாக அழைக்கலாம்.